ஸ்லைடின் ஓரம்

ஜூன் 6, திங்கள்
காலையிலேயே வெயில். குவார்ட்டர்ஸில் தண்ணீர் வரவில்லை. குளிக்காமலே ஆஸ்பத்திரி.

பயாப்சி நாலு. ஒன்று கல்லீரல். சேகர், 52, மைன்ஸில் காண்ட்ராக்ட் டிப்பர் டிரைவர். ஸ்கேனில் மூன்று கட்டி. மைக்ராஸ்கோப்பில் அச்சு அசல் கல்லீரல் செல்கள். கல்லீரல் புற்றுநோய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பத்தே நிமிடம். இருபத்திரண்டு வருட சர்வீஸ், சும்மாவா?

ஆறு மாதம் முன்பு வந்த ஜூனியர் நிவேதா அதே ஸ்லைடை முக்கால் மணி நேரம் பார்த்தாள். "மேடம், மத்தபடி லிவர் நல்லாத்தான இருக்கு? கெட்டுப்போன லிவர்லதான பெரும்பாலும் இது வரும்? குடிப்பாரா?"

"காண்ட்ராக்ட் ஆளு. குடிக்காம இருப்பானா?"

அவள் சிரிக்கவில்லை.

ஜூன் 7, செவ்வாய்
வாங்க: கோதுமை மாவு, கொசுவத்தி.

நிவேதா மகாராணி வார்டுக்கே போய் விசாரிக்கிறாள். எங்கள் வேலையா அது? நானும் போய்க் கதவோரம் நின்றேன். சேகரின் மனைவி, வடலூர்க்காரி: "நாங்க வள்ளலார் சபைக்குப் போறவங்க. கறி, சாராயம் எதுவும் வூட்டு வாசப்படி ஏறாதுங்க."

நிவேதா: "வெளிக்குப் போறப்ப ரத்தம் வருதா?"

"ஒரு வருசமா வந்துக்கினுதாங்க இருக்கு. நாளெல்லாம் டிப்பர் சூட்டுல குந்திக்கினு இருந்தா மூலம் வராதா? மைன்ஸ்ல பாதிப் பேருக்கு அதாங்க. கருணைக்கிழங்கா ஆக்கிப் போட்டுக்கினு இருந்தேன்."

எனக்கு ஏன் கேட்கத் தோன்றவில்லை? வயிறு எரிந்தது.

ஜூன் 10, வெள்ளி
சேகருக்குக் குழாய் விட்டுப் பார்த்ததில் பெருங்குடலில் கட்டி. அங்கே கிள்ளி எடுத்த துண்டிலும் கல்லீரல் செல்கள்! "லிவர்லேருந்து பரவியிருக்கு" என்றேன், சந்தோஷமாகவே.

"இந்த ஓரத்தைப் பாருங்க மேடம்."

துளியூண்டு இடத்தில் குடல் சுரப்பிகள். அவையே கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லீரல் செல் போல மாறுகின்றன. "ஆரம்பமே குடல்தான் மேடம். லிவர் வேஷம் போட்டிருக்கு."

அபூர்வம். புத்தகத்தில் ஒரு பத்தி படித்திருக்கிறேன், அவ்வளவுதான். இவள் ஆறே மாதத்தில் பார்த்துவிட்டாள்.

உறுதி செய்ய, துண்டு பதித்த மெழுகுக் கட்டை சென்னைக்குப் போக வேண்டும். என் கையெழுத்து வேண்டும். "நாளைக்குப் பாக்கலாம்." டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

ஜூன் 11, சனி
கட்டை டிராயரிலேயே. காரிடாரில் சீஃப் டாக்டர் யாரிடமோ: "குடல் கட்டியப் புடிச்ச அந்தப் பொண்ணுக்கு என்னா கண்ணுய்யா!" என் கண்ணைப் பற்றி இதுவரை ஒருத்தரும் பேசியதில்லை.

திங்கட்கிழமை அந்த ஆளுக்குக் கல்லீரல் மருந்து ஆரம்பம். என் ரிப்போர்ட்டை நம்பி.

மூன்று மணிக்குக் கையெழுத்துப் போட்டுக் கட்டையை நிவேதாவிடம் எடுத்துக் கொடுத்தேன். மருந்தை ஆரம்பிக்க வேண்டாம் என்று சீஃபுக்கு போன். நல்ல மனசு ஒன்றும் இல்லை. பயம்.

ஜூன் 20, திங்கள்
மழை வரும் போல இருந்து வரவில்லை. சென்னை ரிசல்ட் வந்தது. நிவேதா சொன்னதேதான். நாளை முதல் குடலுக்கான மருந்து. பிழைப்பாரா, தெரியாது. மருந்தாவது சரி.

சேகரின் மனைவி பலாப்பழத்தோடு என் அறை வாசலில். "பெரிய டாக்டரம்மாதான் கண்டுபுடிச்சாங்கன்னு சின்ன டாக்டரம்மா சொன்னாங்க."

நிவேதா பொய் சொல்லி எனக்குப் பிச்சை போட்டிருக்கிறாள்.

"நான் இல்லீங்க. நான் தப்பா எழுதினேன். அவங்கதான்." பக்கத்து அறையைக் காட்டினேன்.

பழத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். சுவருக்கு அந்தப்பக்கம் அழுகை, பிறகு சிரிப்பு. ஆஸ்பத்திரி முழுக்கப் பலா வாசனை.

நிவேதா தட்டோடு வந்தாள். "நல்ல இனிப்பு மேடம். எடுத்துக்கங்க."

"சுகர்மா" என்றேன்.

எனக்குச் சுகர் கிடையாது.