அக்குள் கட்டிக்குள் பார்த்தது

ரெஜினா அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? செவ்வாய்க்கிழமை லேப்பில் இருந்தது மூன்று பேர்: நான் சமைக்கும் அடையாறு வீட்டு ஸ்ரீரஞ்சனி அம்மா, லேப் பெண் முத்துமாரி, நான். பெரிதாக ஒன்றுமில்லை, என் அக்குளில் எலுமிச்சை அளவு ஒரு கட்டி. போன வாரம் வெட்டி எடுத்துவிட்டார்கள். பேரப்பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம்.

அதை மைக்ரோஸ்கோப்பில் நானே பார்க்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். தேன்கூடு போல வட்டம் வட்டமாக இருந்தது. ஒவ்வொன்றும் உள்ளே காலி. நோய்தான் தின்றுவிட்டது என்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"இன்னா ஆயா, இதுக்குப் போய் பயந்துக்கினு கீறே? ஒவ்வொரு வட்டமும் ஒரு கொழுப்பு செல்லு. மருந்துல ஊறப்போட்டா உள்ள இருந்த கொழுப்பு கரைஞ்சு பூடும், சுவரு மட்டும் நிக்கும். ஓரமா ஒட்டிக்கினு கீது பாரு நீலப் பொட்டு, அதான் அதுக்கு உயிரு" என்றாள் முத்துமாரி. "இந்தத் துண்டு நல்லாத்தான் கீது. மீதிய டாக்டரு பாத்து வெள்ளிக்கிழமை சொல்வாரு."

அதுவரை எனக்குச் சோறு இறங்காது. ரெஜினாவின் போட்டோவை அனுப்புங்கள், தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன்.

நம் மகள் ரெஜினாவுக்கும் இதே இடத்தில்தான் கட்டி வந்தது. "சும்மா கொழுப்புதாம்ட்டி, ஆசுபத்திரிக்கெல்லாம் போவாண்டாம்" என்று வாசலை மறித்து நின்றீர்கள். யாரும் வெட்டிப் பார்க்கவில்லை. கட்டி வந்த ஏழாம் மாதம் அவளைக் கல்லறைக்குக் கொண்டுபோனோம்.

தாலி கட்டிய நாளிலிருந்து உங்கள் பெயரை நான் சொன்னதில்லை. இன்று எழுதுகிறேன். நான் மன்னிக்காத ஆள் அந்தோணிப்பிச்சை.