பாவம் மருமகளிடம், கிருபை என்னிடம்

பிப்ரவரி 6, திங்கள்

பள்ளிச் சீருடைகளுக்குக் காலர் வெட்டிக்கொண்டிருந்தேன். போதகர் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்கக் கடைக்குள் வந்தார். சபைப் பிரசங்கியார் தேர்வுக்கு இந்த வருஷம் பாடம் அந்தப் பெட்டிதான். கடவுள், பாவம், கிறிஸ்து, கிருபை, சபை, உலக முடிவைச் சொல்லும் கடைசிக் காரியங்கள் என்று கிறிஸ்தவக் கோட்பாடு முழுவதும் ஆறு பாகமாக. ஒவ்வொன்றும் செங்கல் கனம். போன வருஷம் ஒரே ஒரு குண்டுப் புத்தகத்தோடு விட்டார்கள்.

"ஒரு வீட்டுக்கு ஒரு செட்டுதாம்மா. ரெண்டு பேரும் பாத்துப் படிச்சுக்கோங்க" என்றார்.

"ரெண்டு பேரா? யாரு இன்னொருத்தர்?"

"உங்க மருமகளும் பேர் குடுத்திருக்காங்களே. தெரியாதா?"

தெரியாது. கத்தரிக்கோல் ஒரு காலரைக் குறுக்கே கடித்துவிட்டது.

பிப்ரவரி 7

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அவள் நம் குடும்பத்துக்கு வந்துதான் கோயில் வாசலையே மிதித்தவள். இன்னும் பொருளடக்கம் பார்க்காமல் வேதாகமத்தில் ஒரு வசனம் எடுக்க வராது. நானோ சின்னப் பெண்ணாக இருந்ததிலிருந்து அந்தப் பிரசங்க பீடத்தில் நின்று பேச வேண்டும் என்று ஏங்கிக் கிடக்கிறவள். பெண்களுக்கு அதைத் திறந்துவிட்டதே இப்போதுதான். போன வருஷம் எழுதித் தோற்றேன். அறுபது ஆகிவிட்டால் எழுத விடமாட்டார்கள். எனக்கு ஐம்பத்தொன்பது. இதை விட்டால் அவ்வளவுதான்.

நேராகவே கேட்டேன். "உனக்கு எதுக்குடி இந்தப் பரீட்சை?"

"எனக்குக் கேக்கறதுக்கு நிறைய இருக்கு அத்தை. கோயில்ல கேட்டா எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. பரீட்சைக்குப் படிக்கறேன்னா கேக்கலாம்ல?"

மெஷினை வேகமாக மிதிக்க ஆரம்பித்தேன்.

பிப்ரவரி 12, ஞாயிறு

இரண்டாம் பாகத்தை நான் ஒரு பக்கம் இழுக்க, அவள் ஒரு பக்கம் இழுக்க, புத்தகத்தின் முதுகு அட்டை படக்கென்றது. அவர் எழுந்து வந்து பஞ்சாயத்துப் பண்ணினார். என் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதே அபூர்வம், திறந்தால் தீர்ப்புதான். கடவுள், கிருபை, கடைசிக் காரியங்கள் மூன்றும் எனக்கு. பாவம், கிறிஸ்து, சபை அவளுக்கு. தேர்வுக்கு இருக்கும் நாளில் பாதி போனதும் மாற்றிக்கொள்ள வேண்டுமாம்.

"மாத்தறதாவது! அவ புத்தகத்தை நான் தொட்டா என்னன்னு கேளுங்க" என்று கத்திவிட்டேன்.

"ஆக, பாவம் மருமகள்கிட்ட, கிருபை உங்கிட்ட" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரிக்கிறார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

மார்ச் 3

கடவுளின் பண்புகள் முடிந்தன. பக்க எண் உட்பட மனப்பாடம். தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

மார்ச் 21, செவ்வாய்

மருமகள் பிரசவ வார்டில் நர்ஸ். வேலை முடிந்து நேராகக் கடைக்கு வந்து, வெட்டு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டாம் பாகத்தைத் திறந்தாள்.

"அத்தை, ஜென்ம பாவம்னு போட்டிருக்கு. பொறக்கும்போதே கூட வருதாம். நான் தினமும் பொறந்த குழந்தையைக் கையில வாங்கறேன். அதுக்கிட்ட எங்க இருக்கு? காட்டுங்க."

"புத்தகம் என்ன சொல்லுது?"

"அது நாலு விதமா சொல்லுது. நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் என்னத்தைச் சொல்ல? அது உன் பாகம்" என்று இஸ்திரிப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

ஆனால் மாலைவரை அதே நினைப்பு. இரண்டு கால்சட்டைக்கு ஜிப்பைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டேன்.

மார்ச் 22

பதில் ஒன்று தோன்றியது. சொன்னேன். ஒரே நிமிஷத்தில் அதைத் தூள்தூளாக்கிவிட்டாள். இருடி, நாளைக்கு வா.

ஏப்ரல் 5, புதன்

தினமும் சண்டை. அவள் விடுவதாயில்லை, நானும் விடுவதாயில்லை. பக்கத்து வீட்டுக்காரர் என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்ல எதாவது சொத்துத் தகராறா?" என்று விசாரித்தாராம். "இல்லைங்க, ஆதாம் பண்ண வேலை" என்று இவர் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

என் பாகத்திலும் கை வைக்கிறாள். "கிருபைன்னா என்ன அத்தை?" என்றாள். வகை வகையாகப் பிரித்து, பக்க எண்ணோடு ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நடுவுல கொஞ்சம் மூச்சு விடுங்க. யாராவது உங்களுக்கு அப்படிச் சும்மா எதாவது குடுத்திருக்காங்களா? அதைச் சொல்லுங்க" என்றாள்.

எழுந்து போய்விட்டேன். போன வருஷம் தேர்வுக் குழுவின் கண்ணாடிக்காரர் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். நான் ஒப்பித்து முடித்ததும், "அம்மா, அந்தப் புத்தகம் எங்ககிட்டயும் இருக்கு" என்றார். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை எனக்கு. இவளுக்கு அது எப்படித் தெரிந்தது? யாரிடமும் நான் சொன்னதில்லையே.

ஏப்ரல் 30, ஞாயிறு

தேர்வுக்கு இரண்டு வாரம். மருமகள் இரண்டாம் பாகத்தைக் கொண்டுவந்து தையல் மெஷின்மேல் வைத்தாள். "படிச்சுடுங்க அத்தை. மாமா முன்னாடி கோவத்துல சொன்னதுதானே. யாரும் கணக்கு வச்சுக்கல."

"எடுத்துட்டுப் போ."

அவள் டியூட்டிக்குப் போனபின் புத்தகம் அங்கேயே இருந்தது. அட்டையை ஒருமுறை தடவினேன். புத்தி கெட்டவளே, கடைசி வாய்ப்புடி இது! எடுத்துப் படியேன் — யார் வேண்டாம் என்றது? வீம்புதான். சுத்தமான வீம்பு. சொன்ன சொல்லை விழுங்கினால் இந்த வீட்டில் எனக்கு என்ன மரியாதை?

தொடவில்லை. பெருமைக்காரி என்று கடவுளே நினைத்திருப்பார்.

மே 14

நாளைக்கு. ஒரே சட்டைக்கு இரண்டு தடவை பொத்தான் துளை போட்டுவிட்டேன். அவள் என்னடாவென்றால் பாட்டுப் பாடிக்கொண்டு துணி மடிக்கிறாள்.

மே 15, திங்கள்

எழுதியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடுவேன்.

கோயில் கூடத்தில் நீள மேசை, அதன் பின்னால் மூன்று பேர். நடுவில் அதே கண்ணாடிக்காரர். நான் உட்கார்ந்ததும் முதல் கேள்வி: "இரண்டாம் பாகம். ஜென்ம பாவம். சொல்லுங்கம்மா."

ஒரு பக்கம்கூட ஞாபகம் வரவில்லை. படித்திருந்தால்தானே வரும்! பொய் சொல்லிச் சமாளிக்கலாமா என்று ஒரு நிமிஷம் பார்த்தேன். வாய் தானாகத் திறந்தது.

"ஐயா, அந்தப் பாகத்தை நான் படிக்கலை."

மூவரும் நிமிர்ந்தார்கள்.

"ஆனா அதை வச்சு என் மருமகளோட ரெண்டு மாசமா சண்டை போட்டிருக்கேன். அதைச் சொல்லட்டுமா?"

கண்ணாடிக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். "சொல்லுங்க."

சொன்னேன். குழந்தையிடம் பாவத்தைக் காட்டு என்று அவள் கேட்டதையும், நான் சொன்னதையும், அவள் அதை உடைத்ததையும். பிறகு அதுவரை அவளிடம்கூடச் சொல்லாத ஒன்று அந்த நாற்காலியில் வைத்தே தோன்றியது. "நான் தையல்காரிங்க. இழை ஓடுற திசை பாக்காம கோணலா வெட்டின துணி, எவ்வளவு அழகா தைச்சாலும் தண்ணியில போட்டதும் திருகிக்கும். துணி ஒரு தப்பும் பண்ணல. ஆனாலும் திருகுது. குழந்தை மேல குத்தம் இல்லைன்னு என் மருமக சொல்றா, நான் ஒத்துக்கறேன். ஆனா திருகல் இருக்கு. அதைச் சரி பண்ண ஒரு கை வேணும். அந்தத் தேவையோடதான் எல்லாரும் பொறக்கறோம்."

"அப்ப கோணலா வெட்டினது யாரு? கடவுளா?" கண்ணாடிக்காரர் சட்டென்று கேட்டார்.

நான் யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். "அந்த இடத்துல என் உதாரணம் கிழிஞ்சுடுதுங்கய்யா. ஒட்டுப் போட்டு மறைக்க மாட்டேன்."

மூவரில் ஓரத்தில் இருந்த அம்மா சத்தமாகச் சிரித்துவிட்டார். அப்புறம் கிருபையைப் பற்றிக் கேட்டார்கள். பழக்க தோஷத்தில் "முதலாவது வகை" என்று ஆரம்பித்தேன். நிறுத்தினேன். மூச்சு விட்டேன். போன வருஷம் தோற்று வந்த அன்று என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கேட்காமல், எனக்காகக் கடையைத் திறந்து, வந்தவர்களிடம் "வீட்ல கொஞ்சம் உடம்பு சரியில்ல" என்று சொல்லிச் சமாளித்ததைச் சொன்னேன்.

வெளியே மருமகள் நின்றுகொண்டிருந்தாள். "எப்படி அத்தை?" என்றாள். "உன்னாலதான்டி" என்றேன். திட்டுகிறேனா பாராட்டுகிறேனா என்று தெரியாமல் விழித்தாள்.

மே 26, வெள்ளி

பாஸ்! பாஸ்! பாஸ்!

இரண்டு பேரும். அவளுக்கு எழுபத்தெட்டு, எனக்கு எழுபத்தொன்று. கடைசிக் காரியங்களைப் பற்றிக் கேட்டதில் பாதிக்கு அவள் "தெரியலைங்க, எனக்கும் தெரியணும்" என்றாளாம். தெரியாதவளுக்கு எழுபத்தெட்டு! போகட்டும், ஏழு மார்க்தானே. அவர் கடையை மூடிவிட்டு எல்லாருக்கும் கேக் வாங்கி வந்தார். பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு துண்டு.

ஜூன் 18, ஞாயிறு

இன்று பிரசங்கம் நான். கிருபையைப் பற்றி.

பீடத்தின் மரப்பலகைக்குப் பின்னால் என் வலது கால் தையல் மெஷினை மிதிப்பதுபோல மிதித்துக்கொண்டே இருந்தது. நல்லவேளை, வெளியே தெரியவில்லை. முதல் வரி சொன்னதும் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அதன்பின் எங்கிருந்து வந்தது என்று தெரியாது, வந்துகொண்டே இருந்தது. அவர் முன்வரிசையில் தூங்காமல் உட்கார்ந்திருந்தார். அதுவே ஒரு அற்புதம்.

முடிந்ததும் வாசலில் எல்லாரும் கை குலுக்கினார்கள். நன்றாக இருந்தது, மிக நன்றாக இருந்தது என்றார்கள். டியூட்டியிலிருந்து நர்ஸ் உடுப்போடு ஓடி வந்து கடைசி வரிசையில் நின்று கேட்ட மருமகள், அத்தனை பேர் முன்னாலும் ஆரம்பித்தாள்.

"அத்தை, கிருபைக்கு நிபந்தனையே கிடையாதுன்னு சொன்னீங்க. அப்புறம் முடிக்கும்போது நீங்களே மூணு நிபந்தனை போட்டீங்க. இடிக்குதே."

சுற்றி நின்றவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

என் தையலில் குறை சொல்லியிருக்கிறார்கள், சமையலில் சொல்லியிருக்கிறார்கள், குணத்தில் சொல்லாத ஆளே இல்லை. என் பிரசங்கத்தில் குறை சொன்ன முதல் ஆள் இவள்தான். எனக்கென்று ஒரு பிரசங்கம் இருக்கப்போய்த்தானே சொல்கிறாள்!

"மூணாவது நிபந்தனை நிபந்தனையே இல்லடி" என்றேன். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று அவர் எங்கள் இரண்டு பேரையும் தள்ளிக்கொண்டு வந்தார். தெருமுனை திரும்புவதற்குள் ஆரம்பித்துவிட்டோம்.