சூறாவளிக்கு ஒரு விதிவிலக்கு

மார்ச் 4, சனி

இன்று ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. காலையில், போட்டியை நடத்த நான் எழுதிவைத்த ஸ்கிரிப்டே எழுந்து, எங்கெங்கிருந்தோ வந்த பதினாறு செஸ் புரோகிராம்களை ஜோடி சேர்த்து, ஒன்றோடொன்று ஆடவிட்டு, முடிவையும் இணையத்தில் போட்டுவிட்டது. எழுதியவர்கள் எல்லாரும் என்னைப்போல் பொழுதுபோக்குப் பைத்தியங்கள். முன்பெல்லாம் நடுவில் ஒரு புரோகிராம் உறைந்துபோனால் நான்தான் ஓட வேண்டும். இனி வேண்டாம். விதிகளுக்கு மேலே கொட்டை எழுத்தில் போட்டேன்: 'முடிவுகளில் மனிதக் கை படாது.'

வீடு மச்சானுடையது, என் மனைவியின் அண்ணன். வேலை மச்சானின் அட்டைப்பெட்டிக் கம்பெனியில். இந்த மாடி அறைக்கு வரும் கரண்டும் அவருடையது. சனிக்கிழமை மட்டும் என்னுடையது.

மார்ச் 11

மச்சான் மாடி ஏறி வந்தார். "மாப்ள, நானும் ஒரு புரோகிராம் எழுதிட்டேன். பேரு சூறாவளி. போட்டியில சேத்துக்குங்க."

கம்பெனியில் பிரிண்டர் நின்றால் என்னைக் கூப்பிடுகிற மனிதர்! "என்ன, நம்பிக்கை இல்லையா?" என்றார். இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

மார்ச் 18

சூறாவளிக்கு முதலிடம். ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை. மச்சானுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மார்ச் 21

சந்தேகம் அரித்தது. போட்டியில் ஆடி முடித்த புரோகிராம்களுக்கு வியாழக்கிழமைதோறும் ஒரு சோதனை தானாக ஓடும் - நானூறு நிலைகளைக் கொடுத்து, புரோகிராம் என்ன நகர்த்துகிறது என்று மற்றவற்றோடு ஒப்பிடும். அதை இன்றே கையால் ஓட்டிப் பார்த்தேன். யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் கிடக்கிற ஒரு பெரிய புரோகிராமும் சூறாவளியும் பத்துக்கு ஒன்பது ஒரே மாதிரி. பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்.

வியாழன் வந்தால் ஸ்கிரிப்டே அவர் பெயரை நீக்கி, காரணத்தையும் எழுதி, எல்லாருக்கும் மெயில் அனுப்பிவிடும். என்னைக் கேட்காது. அப்படித்தானே எழுதித் தொலைத்தேன்!

மார்ச் 22

ஸ்கிரிப்டில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். 'சூறாவளியைச் சோதிக்காதே.'

மனிதக் கை படாதாம்.

ஏப்ரல் 1

மறுபடி சூறாவளி. வழக்கமாக முதலில் வரும் பல் டாக்டர் போன் செய்தார். "சார், அது காப்பின்னு கண்ணை மூடிட்டே சொல்லலாம். உங்க சோதனைக்கு மட்டும் தெரியலையா? உங்களுக்கு வேண்டியவங்களா?"

ஏதோ உளறினேன். அவர் விலகிவிட்டார்.

ஏப்ரல் 15

பதிவு: ஏழு.

ஏப்ரல் 29

பதிவு: இரண்டு. அதில் ஒன்று என்னுடையது. ஆட ஒரு ஆளாவது வேண்டுமே என்று சேர்த்தது. ஸ்கிரிப்ட்டுக்கு வித்தியாசமே தெரியவில்லை. நேரத்துக்கு எழுந்தது, ஜோடி சேர்த்தது, நடத்தி முடித்தது. நான் தோற்றேன்.

சாப்பிடும்போது மச்சான், "பாத்தீங்களா மாப்ள, எல்லாரும் பயந்து ஓடிட்டானுங்க" என்றார். நான் சிரித்தேன். சிரிச்சேனே! எனக்கே என்னைப் பிடிக்கலை.

மே 2

துணி மடித்துக்கொண்டே மனைவி கேட்டாள். "அது அண்ணன் எழுதினதே இல்ல, அப்படித்தானே?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் வரைஞ்ச படத்துல தன் பேரை எழுதித்தான் ஸ்கூல்ல கொண்டுபோய்க் காட்டுவாரு. நீங்க தெரிஞ்சும் ஏன் வாயை மூடிட்டிருக்கீங்க?"

"இந்த வீட்ல இருக்கோமே."

"அப்ப வேற வீடு பாருங்க." அடுத்த சட்டையை எடுத்து உதறினாள்.

மே 4, வியாழன்

காலையில் அந்த வரியை நீக்கினேன். சாயங்காலம் எல்லாரையும் போல எனக்கும் மெயில் வந்தது.

மச்சான் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். "என் வீட்டுக் கரண்ட்ல ஓடிட்டு என் பேரையே நாறடிக்குதா?" என்று கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கினார். மெயில் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தது.

மே 27

ஒற்றை அறை. குழாய் சொட்டுகிறது. வேறு இடத்தில் வேலை, மருந்துக் கிடங்கில். பல் டாக்டர் திரும்பி வந்துவிட்டார், பதிவு ஒன்பது. அவள் போனை எடுக்கிறாள், அண்ணன் பெயர் வரை போகிறாள், வைத்துவிடுகிறாள். என்னால்தானே? சந்தோஷப்படவும் முடியவில்லை.

ஜூலை 8, சனி

புதிய பதிவு: 'நத்தை'. மெயில் முகவரி மச்சானுடையது. கையால் ஓட்டிய சோதனையில் எதனுடனும் ஒத்துப்போகவில்லை.

முதல் ஆட்டத்திலேயே, ராஜாவுக்கு செக் இருக்கும்போது, அதை யானைக்குப் பின்னால் ஒளித்துக் கோட்டை கட்டியது. செஸ்ஸில் அது கூடாது. ஸ்கிரிப்ட் அந்த இடத்திலேயே தோல்வி என்று அறிவித்துவிட்டது. அடுத்த ஆட்டத்திலும் அதே கதை. முதன்முதலில் சொந்தமாக எழுதுகிறவன் செய்கிற தப்பு; நானும் செய்திருக்கிறேன். இதை எங்கிருந்தும் எடுத்து ஒட்ட முடியாது.

அவளிடம் சொன்னேன். "தோத்துட்டாரா?" என்றாள்.

"எல்லா ஆட்டத்துலயும்."

இந்த முறை போனை வைக்கவில்லை. ஏதோ பேசினாள், கண்ணைத் துடைத்தாள், என்னிடம் நீட்டினாள். மறுமுனையில் மச்சான்.

"மாப்ள... செக் இருக்கும்போது கோட்டை கட்டக் கூடாதா?"

உட்கார்ந்து பொறுமையாக விளக்கினேன்.