ஏரியின்மேல் விழுந்த பாறைகள்

லோன் பைன்,
ஜூன் 12

அன்பு மகள் ஜோலீனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மனசைக் கேட்டால் எனக்கு மட்டும் சரியில்லை, ஏன் என்று கீழே எழுதியிருக்கிறேன். அலாஸ்காவில் நீ வேளைக்குச் சூடாகச் சாப்பிட்டு, உலர்ந்த காலுறை போட்டு நடக்கிறாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. பழைய பெரிய கேமரா ஒன்று வாங்கிவிட்டாய் என்றும், பனியாற்றைப் படமெடுக்கப் போகிறாய் என்றும், எந்தத் தாள் ஃபிலிம் வாங்குவது, எப்படிக் கையாள்வது என்றும் கேட்டிருந்தாய். வேறு சமயமாக இருந்தால் துள்ளிக் குதித்திருப்பேன். இப்போது அந்தப் பேச்சை எடுத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. உன் மேல் இல்லை. உன் அப்பா மேல்.

முதலில் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். கலர் ஃபிலிம் பக்கம் இப்போதைக்குப் போகாதே, வெளிச்சம் கொஞ்சம் தப்பினாலும் அது மன்னிக்காது. கறுப்பு வெள்ளையில் ஒரே ஒரு வகையை எடுத்துக்கொண்டு ஒரு வருடம் அதையே பழகு. ஒளியை மெதுவாக வாங்குகிற, வேகம் குறைந்த ஃபிலிம்தான் நுணுக்கமாக வரும் என்று கடைக்காரன் சொல்வான், அவன் கடைக்குள் நின்று பேசுகிறவன். உன் ஊரில் காற்று நிற்பதே இல்லை என்கிறாய், லென்ஸின் கண்ணைச் சுருக்கி வைத்துவிட்டு நொடிக்கணக்காகத் திறந்து வைத்தால் புல்லெல்லாம் புகையாகத்தான் விழும், அதனால் வேகமானதையே வாங்கு. ஃபிலிம் பெட்டியைக் குளிர்பெட்டியில் வை, ஆனால் வெளியே எடுத்ததும் திறந்துவிடாதே, அறைச் சூட்டுக்கு வரட்டும், இல்லாவிட்டால் வேர்த்துவிடும். தாளைக் கேமராவில் செருகுகிற சட்டத்தில் ஏற்றும்போது முழு இருட்டு வேண்டும், கதவிடுக்கில் கூட ஒளி கூடாது. தாளை நிமிர்த்திப் பிடித்து ஓரத்து வெட்டுகளை விரலால் தடவிப் பார், வெட்டு வலது மேல் மூலையில் இருந்தால் படம் பதிகிற மருந்துப் பக்கம் உன்னைப் பார்க்கிறது என்று அர்த்தம். முந்தின நாளே சட்டங்களைத் தூசி போகத் தட்டி வை. தூசி ஒரு பொட்டு விழுந்தாலும் வானத்தில் ஓட்டை விழுந்த மாதிரி தெரியும்.

இன்னொன்று முக்கியம். சட்டத்தை மூடும் தகட்டின் பிடி ஒரு பக்கம் வெள்ளையாக இருக்கும், மறு பக்கம் கறுப்பாக இருக்கும். வெள்ளை வெளியே இருந்தால் புதுத் தாள், கறுப்பு வெளியே இருந்தால் படம் எடுத்தாகிவிட்டது. இது அழியாமல் இருக்கிற சட்டமாகப் பார்த்து வாங்கு. என்னுடையவை பழைய மரச் சட்டங்கள், வெள்ளை தேய்ந்து இரு பக்கமும் ஒரே சாம்பல் நிறம். அதனால் படம் எடுத்த சட்டத்தின்மேல் பழுப்பு டேப் ஒட்டி வைப்பது என் வழக்கம். இந்த வருடப் பனி உருகி நம்முடைய காய்ந்த ஏரியில் தண்ணீர் நின்றது உனக்குத் தெரியும். எத்தனையோ விடியற்காலை போய்க் காற்றைத் திட்டிவிட்டுத் திரும்பி வந்தேன். கடைசியில் ஒரு சனிக்கிழமை காற்று அடங்கியது, மலை முழுக்கத் தலைகீழாகத் தண்ணீரில் நின்றது, ஒரு வாத்து கூட அதைக் கலைக்கவில்லை. எடுத்தேன், டேப் ஒட்டினேன், துணி துவைக்கும் அறை அலமாரியில் வைத்தேன். முழங்கால் ஆபரேஷன் முடிந்து நம் வீட்டில் தங்கியிருக்கிற உன் வெர்னா அத்தைக்குச் சும்மா இருக்கத் தெரியாதே, மறுநாள் நான் சர்ச்சுக்குப் போன நேரத்தில் அலமாரியைத் துடைத்து அடுக்கியிருக்கிறார். சட்டங்களில் ஏதோ அசிங்கமாக ஒட்டியிருக்கிறது என்று அந்த டேப்பையெல்லாம் உரித்து, ஸ்பிரிட் போட்டுத் தேய்த்து, பளபளவென்று வைத்திருக்கிறார். அதற்கடுத்த நாள், திங்கட்கிழமை, நான் அரைத்தூக்கத்தில் மேலே இருந்த சட்டங்களை எடுத்துக்கொண்டு, டேப் ஒட்டியவை அடியில் இருக்கும் என்று நினைத்து, நம் ஊர் அலபாமா குன்றுகளுக்குப் போய்ப் பாறைகளை எடுத்துவிட்டேன். கழுவிப் பிரிண்ட் போட்டுப் பார்த்தால் ஏரியும் பாறையும் ஒரே தாளில் கிடக்கின்றன. என் மலையின் நெஞ்சில் ஒரு கல், தண்ணீருக்குள் ஒரு கல், வானத்தில் ஒரு கல்.

அழுதேன். அதோடு முடிந்திருந்தால் உனக்கு இதை எழுதியிருக்க மாட்டேன். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா, "நடீன், அக்காகிட்ட இதச் சொல்லிடாத, ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வந்தவ, மனசு ஒடைஞ்சிடும்" என்று கெஞ்சினார், சரி என்று வாயை மூடிக்கொண்டேன். நான் பள்ளிக்கூட ஆபீசில் இருந்தபோது கேமரா சங்கத்து ஹட்டன் கண்காட்சிக்குப் படம் கேட்டு வந்திருக்கிறார், இந்த நாசமாய்ப் போன பிரிண்டைப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்திருக்கிறார், உன் அப்பா "அவ யோசிச்சு யோசிச்சு வேணும்னே எடுத்தது" என்று சொல்லிக் கொடுத்தனுப்பிவிட்டார். இந்த ஹட்டன் யார், நான் சங்கத்தில் சேர்ந்த அன்று "பொம்பளைங்க தூக்கற சாமானா இது, நடீன்? இடுப்பு புடிச்சுக்கும்" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தவர். இத்தனை வருடமாக நான் கவனமாக எடுத்த எதையும் அவர் சுவரில் மாட்டியதில்லை. கெட்டுப்போன ஒன்றுக்குக் 'கல்லின் கனவு' என்று பெயர் வைத்து, என் பெயரை அடியில் எழுதி, நீல நாடாவும் குத்தி முதல் பரிசு கொடுத்தார். நான் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன் என்று என் பெயர் சாட்சி சொல்கிறதே. உன் அப்பாவோ "பரிசுதானே, வந்துட்டுப் போகட்டும் விடு" என்கிறார்.

திறப்பு விழா தீயணைப்புக் கூடத்தில் நடந்தது. ஆப்பிள் பை, காபி, உருளைக்கிழங்கு சாலட், பாதி ஊர் வந்திருந்தது. ஹட்டன் என்னை முன்னால் கூப்பிட்டு, இந்த எண்ணம் எப்படித் தோன்றியது, நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றார். என்னை உனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான், நாலு வருடமும் வகுப்பில் ஒரு தடவை கூடக் கை தூக்கியதில்லை. உன் அப்பா கூட்டத்தில் நின்று வேண்டாம் என்பது போலத் தலையை ஆட்டினார். அதைப் பார்த்ததும்தான் எனக்கு வாய் திறந்தது. "இது தப்பாப் போன படம். ஒண்ணு மேல ஒண்ணு விழுந்துடுச்சு. நான் நெனச்சு எடுக்கல" என்றேன். ஹட்டன் கையைத் தட்டி, "பாத்தீங்களா அடக்கத்த! பெரிய கலைஞருங்க இப்பிடித்தான் பேசுவாங்க" என்றார், எல்லோரும் சேர்ந்து தட்டினார்கள். உண்மையைச் சொன்னாலும் கைதட்டுகிறார்களே என்று எனக்குக் காது சூடாகிவிட்டது. "அடக்கமும் இல்ல, ஒண்ணும் இல்ல மிஸ்டர் ஹட்டன். ஏரி எடுத்த சட்டத்துல டேப் ஒட்டியிருந்தேன், அது உரிஞ்சு போச்சு, அதுலயே மறுபடியும் எடுத்துட்டேன்" என்று சத்தமாகவே சொன்னேன். யார் உரித்தது என்று நான் சொல்லவில்லை, அது உன் அத்தைக்காக. ஆனால் ஆப்பிள் பை வைத்திருந்த மேசைப் பக்கமிருந்து அவரே, "எந்த டேப்பு?" என்றார்.

அத்தை ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு நடுவில் வந்தார். "அந்தப் பழுப்பு டேப்பா? அத உரிச்சவ நாந்தான்" என்றார். பிறகு உன் அப்பாவைத் தேடிப் பிடித்து, "டேய் கிளைட், உனக்கு இது தெரியுமா?" என்று கேட்டார். உன் அப்பா காபிக் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். "தெரிஞ்சேதான் வெச்சிருந்தியா? தபாலாபீசுல, சர்ச்சுல, முடி வெட்டற கடையில, என் தம்பி பொண்டாட்டி எடுத்த அதிசயத்த வந்து பாருங்கன்னு ஊர் பூரா தம்பட்டம் அடிச்சேனேடா. அவ படத்தக் கெடுத்ததே நாந்தான்னு எவனும் ஒரு வார்த்த சொல்லல. முழங்கால்லதான்டா எனக்குக் கோளாறு, மூளையில இல்ல. என்ன என்னடா நெனச்ச, கீழ விழுந்தா ஒடையற பீங்கான்னா?" என்று ஒரு பிடி பிடித்தார். நான் சந்தோஷப்படுவதற்குள் என் பக்கம் திரும்பி, "நீ மட்டும் என்ன, வாயத் தச்சு வெச்சிருந்தியா? என்ன நாலு திட்டு திட்டியிருந்தா அன்னிக்கே தீந்திருக்கும்ல" என்றார். அவரே ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு, எட்டிப் படத்தைக் கழற்றினார். ஹட்டன் பதறி, பரிசு அறிவித்தாகிவிட்டதே அம்மா என்றார். அத்தை நாடாவைப் பிடுங்கி அவர் சட்டைப் பையில் செருகி, "அப்ப நீங்களே வெச்சுக்குங்க, கல்லுல கனவு கண்டது நீங்கதான?" என்றார்.

வீட்டுக்கு வரும்போது வண்டியில் உன் அப்பா நல்லதுக்குத்தான் செய்தேன் என்று ஆரம்பித்தார், அத்தை ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டார். போன வாரம் மறுபடியும் ஏரிக்குப் போனேன், அத்தையும் பிடிவாதமாக ஏறிக்கொண்டார். தண்ணீர் வற்றிவிட்டது. ஓரத்தில் சேறும் உப்பும்தான், மலையின் கால் கூட அதில் தெரியவில்லை. அத்தை அதைப் பார்த்துவிட்டு, "இதையா நான் தொடச்சு எடுத்துட்டேன்" என்று ஒரு தடவைதான் சொன்னார். எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அங்கேயே போய்விட்டது. நேற்று ஹட்டன் வந்து, சுவரில் இடம் காலியாகக் கிடக்கிறது, அசிங்கமாக இருக்கிறது, அழகாக வேறு எதையாவது கொடுங்கள் என்றார். என் பெயர் அட்டை இருக்கட்டும், மேலே ஒன்றும் வேண்டாம் என்றேன். அவர் முனகிக்கொண்டே போனார். இன்று வேலை முடிந்து வரும் வழியில் கூடத்தில் எட்டிப் பார்த்தேன். வெறும் ஆணி, அதன் அடியில் நடீன் பெக்கம் என்று என் பெயர். நேராகத்தான் மாட்டியிருக்கிறார்கள்.

உன் அப்பா இரண்டு நாளாகத் தட்டுக் கழுவுகிறார், தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிறார், நான் இன்னும் பேசவில்லை. நீ எழுதும்போது அவருக்காகப் பரிந்து பேசாதே, நானே பார்த்துக்கொள்கிறேன். வெர்னா அத்தை உனக்குக் கம்பளிக் கையுறை பின்னுகிறார், ஃபிலிம் ஏற்றும்போது மட்டும் அதைக் கழற்றிவிடு, நூல் உதிரும். நீ நினைத்த வெளிச்சமும் அடங்கிய காற்றும் உனக்குக் கிடைக்கட்டும், கால் வழுக்காமல் போய்ப் பத்திரமாகத் திரும்பி வா. ஃபிலிம் பெட்டியை யாராவது வெளிச்சத்தில் திறந்து காட்டச் சொன்னால் மறுத்துவிடு, வெட்கப்படாதே, சத்தமாகவே மறுத்துவிடு.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா
நடீன்