பூரணத்தின் மறுநடவு

5 மார்ச் 2024
பூரணத்துக்கு இரண்டாவது கீமோ. சிரம்பான் ஆஸ்பத்திரியில் பக்கத்து நாற்காலியில் முத்தாயி. நான் கிராணியாகக் கணக்கெழுதிய ரந்தாவ் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவள். அவளுக்கும் மார்புப் புற்றுநோய்தான். இருவர் தலையிலும் முடியில்லை. முத்தாயி பூரணத்தின் பக்கம் சாய்ந்தாள்.

"கிராணியம்மா, நம்ம தல ரெண்டும் மரம் சாய்ச்ச காடு மாதிரி இருக்குலா. கவலப்படாதீங்க, மறுநடவு போட்ருவாங்க."

நோய் தெரிந்த பிறகு என் மனைவி சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

9 மார்ச்
மனத்தெம்பு உள்ள நோயாளிகள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள் என்று ஒரு கட்டுரை. மறுக்கும் கட்டுரைகளும் இருக்கின்றன. எதை நம்புவது? எதற்கும் இருக்கட்டும், கெட்ட செய்தி எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது. பேப்பரில் மரண அறிவித்தல் பக்கத்தை உருவிவிட்டே பூரணத்திடம் கொடுக்கிறேன்.

"என்னப்பா, பேப்பர் மெலிஞ்சு போச்சு? அதுக்கும் கீமோவோ?"

26 மார்ச்
மூன்றாவது கீமோ. முத்தாயி வரவில்லை. காய்ச்சலாம். அவளுக்கென்று பூரணம் அவித்த மோதகம் அப்படியே திரும்பி வந்தது.

3 ஏப்ரல்
முத்தாயி போய்விட்டாள். அவள் மகன் கணேசமூர்த்தி போன் செய்தான். நல்ல வேளை, எடுத்தது நான். பூரணத்திடம் சொல்லவில்லை.

4 ஏப்ரல்
பேங்க்குக்கு என்று பொய் சொல்லிவிட்டுச் செத்தவீட்டுக்குப் போனேன். திரும்பியதும் கால் தானாகப் பின்பக்கக் குழாயடிக்குப் போய்விட்டது. செத்தவீடு போய்வந்து முழுகாமல் நான் வீட்டுக்குள் நுழைந்ததே இல்லை. பட்டப்பகலில், உடுப்போடு, தலையில் தண்ணீர். குசினி ஜன்னலில் பூரணம், கையில் அகப்பை.

"ஆர்?"

இன்னொரு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றினேன்.

"முத்தாயியோ?"

5 ஏப்ரல்
இன்னும் அழுகிறாள். அழாதேயும், உடம்புக்குக் கூடாது என்றேன்.

"என்ர சிநேகிதி செத்ததுக்கு நான் அழக்கூடாதோ? சிரிச்சாத்தான் உயிரோட இருக்க விடுவீங்களோ? எனக்குப் பயம் வந்தா அவளிட்டத்தான் சொன்னனான். இனி ஆரிட்டப் போவன்? கீமோவும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

என்ன செய்துவிட்டேன்? காக்கப் போய் நானே—

8 ஏப்ரல்
பூரணத்தைப் பார்க்கும் டாக்டர் தர்மினியிடம், அழுதால் நோய் கூடுமா என்று கேட்டேன்.

"சிரிச்சா குணமாகும்னு நான் சொல்லமாட்டேன் அங்கிள். அழுதா ஆபத்துன்னும் சொல்லமாட்டேன். வேலை செய்யறது மருந்துதான். ஆனா மனசு விட்டுப்போனா மருந்துக்கே வரமாட்டாங்க. ஆன்ட்டி பேசட்டும். நீங்களும் பேசுங்கலா."

நான் என்ன பேசுவது?

10 ஏப்ரல்
தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். "எனக்கும் பயமாக் கிடக்கு" என்றேன். அழுதுவிட்டேன்.

சீலைத் தலைப்பை என்னிடம் நீட்டினாள். "இதைச் சொல்ல இவ்வளவு நாளோ?"

16 ஏப்ரல்
நான் கேட்கவில்லை. அவளே உடுத்திக்கொண்டு காரில் ஏறிவிட்டாள்.

முத்தாயியின் நாற்காலியில் ஒரு மலாய்ப் பெண். முதல் கீமோ, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தாள். பூரணம் அந்த நாற்காலியைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தாள். பிறகு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, தன் தலைத்துணியை விலக்கிக் காட்டி, மலாயில் அந்த மறுநடவுக் கதையைச் சொன்னாள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எத்தனை பெரிய மனுஷியோடு இத்தனை காலம் வாழ்ந்திருக்கிறேன்!

18 ஏப்ரல்
முத்தாயியின் கருமாதி. இருவரும் போனோம். வந்து இருவரும் முழுகினோம். அவளுக்கு வெந்நீர் நான் வைத்தேன்.

20 ஜூலை
கீமோ முடிந்து எடுத்த ஸ்கேனில் இப்போதைக்கு ஒன்றுமில்லை. மூன்று மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். அதற்குமேல் டாக்டரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பூரணத்தின் தலையில் வெள்ளை முடி முளைவிட்டிருக்கிறது. "மறுநடவு" என்று தடவிக்கொள்கிறாள்.

இப்போது பேப்பரை முழுதாகத்தான் கொடுக்கிறேன். காலையில் மரண அறிவித்தல்களை விரல் வைத்துக் கடைசிவரை வாசித்தாள்.

"இண்டைக்கும் எங்கட பேர் இல்லையப்பா. தேத்தண்ணியப் போடுங்கோ."