மதினி அமத்திய வெள்ளிக்கிழமை விளக்கு

என் வாயாடித்தனத்தை எல்லாம் பொறுத்துக்கொண்ட அன்பு மதினிக்கு,

போன வெள்ளிக்கிழமை தண்டல்காரர் மறுபடியும் வந்தார். அதே விளக்கு வைக்கிற நேரம், அதே வாசல். நீங்கள் மட்டும் இல்லை. அவர் செருப்புச் சத்தம் கேட்டதுமே நான் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டேன். சின்னாளப்பட்டிக்கு வாக்கப்பட்டுப் போய் நாலு பேரை அதட்டி வேலை வாங்குகிறவள் நான். அந்தச் சத்தத்துக்கு மட்டும் இன்னும் பயப்படுகிறேன், பாருங்கள்.

நம் குதிரைக்குக் கால் வீங்கி லாயத்தோடு நின்ற காலம் நினைவிருக்கிறதா? குதிரையும் ஜட்கா வண்டியும் வாங்கிய கடனுக்கு அண்ணனால் இரண்டு மாதம் தவணை கட்ட முடியவில்லை. கால் தேறி வண்டி பூட்டிய அன்றே தண்டல்காரரின் ஆள் ரயிலடிக்கு வந்து வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டான். அடிக்கவில்லை, வையவில்லை. சும்மா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் உட்கார்ந்திருக்கிற வண்டியில் எந்தச் சவாரி ஏறும்? சம்பாதிக்கவும் விடாமல் கடனையும் கேட்கிற நியாயத்தை எங்கே படித்தார்களோ!

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமையைக் கெடு வைத்தார்கள். பொழுது சாய்வதற்குள் நிலுவை வராவிட்டால் குதிரையை அவிழ்த்துக்கொண்டு போய்விடுவார்கள். தெரிந்தவர்களிடம் எல்லாம் கைமாற்றுக் கேட்கக் காலையிலேயே சாணார்பட்டிப் பக்கம் போன அண்ணன், இருட்டுகிற நேரத்தில் மூச்சிரைக்க ஓடி வந்தார். பணம் கிடைத்துவிட்டது. தண்டல்காரரும் ஆட்களோடு வாசலில் வந்து நின்றார். ஆனால் செத்த நேரத்துக்கு முன்னால்தான் நீங்கள் தலைக்குப் பூ வைத்து, விளக்கேற்றிக் கும்பிட்டு முடித்திருந்தீர்கள்.

வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு வீட்டிலிருந்து காசு வெளியே போகலாமா? நம் தெருவில் பாலுக்கு உறை மோர்கூடக் கொடுக்க மாட்டார்கள். இன்னும் கொஞ்சம் பொறுத்து ஏற்றியிருந்தால் இந்தப் பாடே இல்லை. ஆனால் குதிரை போகப் போகிறது என்ற பயத்தில் சாமியை விட்டால் வேறு யாரிடம் போவீர்கள்?

"விளக்கு வெச்சாச்சுங்கய்யா. காசு கையில இருக்கு. விடிஞ்சதும் வந்து வாங்கிக்கிருங்க" என்று கெஞ்சினீர்கள்.

"இப்படி எத்தன கதை கேட்டிருக்கேன்? ஏலே, அவுருங்கடா குதிரைய!"

இரண்டு ஆட்கள் லாயத்துக்குள் போனார்கள். குதிரை மிரண்டு கனைத்தது. அண்ணன் பணத்தைப் பிடித்தபடி உங்களையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தார். கொடுத்தால் வீடு விளங்காது, கொடுக்காவிட்டால் பிழைப்பு போய்விடும். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

நீங்கள் அழவில்லை. விடுவிடு என்று உள்ளே போனீர்கள். பூவால் குளிர வைக்கிற விளக்கை வெறும் விரலால் நசுக்கி அமத்தினீர்கள். வீடு கும்மிருட்டாகிவிட்டது. அண்ணன் கையிலிருந்த பணத்தை வாங்கி வாசலில் நீட்டினீர்கள்.

"இப்ப இந்த வீட்டுல விளக்கு இல்ல. வாங்கிக்கிருங்க."

தண்டல்காரர் கை நீளவில்லை. "ஏ பிள்ள, என்ன காரியம் பண்ற? ஏத்து விளக்க!" என்றார். குரலே மாறிவிட்டது.

"காசை வாங்கிட்டுப் போங்க. பெறகு ஏத்துறேன்."

குதிரையை வாசல்வரை இழுத்து வந்துவிட்ட ஆள்தான் முதலில் கயிற்றை விட்டான். "அண்ணே, வேணாம்ணே. வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஒரு சுமங்கலி விளக்க அமத்திட்டுக் குடுக்கிற காசு. நாமளும் பிள்ளகுட்டிக்காரங்க" என்றான்.

அவர்கள் போய், விடிந்த பிறகு வந்து வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நம் வண்டியில் ஒருவனும் ஏறி உட்காரவில்லை.

மதினி, உங்களைக் காய்ச்சல் கொண்டுபோன அன்று, அழ வந்தவர்களில் ஒருத்தி என் காதுபடவே சொன்னாள்: "வெள்ளிக்கிழமை வெளக்க அமத்துனவளாச்சே, சும்மா விடுமா?" நான் சும்மா விடவில்லை. கேட்ட கேள்வியில் அவள் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விட்டாள். ஆனால் அந்தச் சொல் அண்ணன் மனசில் விழுந்துவிட்டது. அதன்பிறகு அவர் அந்த விளக்கைத் தொடவே இல்லை. குதிரைக்காக உங்களைப் பறிகொடுத்ததாக நினைத்து, குதிரை முகத்தைக்கூடச் சரியாகப் பார்ப்பதில்லை.

போன வெள்ளிக்கிழமை நான் நம் வீட்டுக்குப் போனபோதும் வீடு இருட்டாகத்தான் கிடந்தது. தண்டல்காரர் வாசலில் நின்றார். அண்ணன் கடைசித் தவணையைக் கையில் எடுத்துக்கொண்டு இருட்டிலிருந்து எழுந்து வந்தார். "இங்க விளக்கும் இல்ல, ஏத்துறவளும் இல்ல. வாங்கிக்கிருங்க" என்றார்.

எனக்கு எங்கிருந்து வேகம் வந்ததோ தெரியாது. உள்ளே ஓடினேன். எண்ணெய் பிசுக்கேறிக் கிடந்த உங்கள் விளக்கை முந்தானையால் துடைத்து, எண்ணெய் ஊற்றித் திரி போட்டேன். முதல் குச்சி அணைந்தது. அடுத்த குச்சியில் திரி பற்றிக்கொண்டது. வாசலுக்கு வந்து அண்ணன் கையை மடக்கினேன்.

"விளக்கு வெச்சாச்சு. விடிஞ்சதும் வாங்க" என்றேன்.

தண்டல்காரர் என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் எரிந்த விளக்கைப் பார்த்தார். கத்தப் போகிறார், ஆளைக் கூப்பிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவரோ தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"சரி தாயி. காலையில வாரேன்."

அவர் தெரு திரும்பும்வரை அண்ணன் அசையவில்லை. பிறகு விளக்கின் முன்னால் உட்கார்ந்து, உங்கள் பெயரைச் சொல்லி அழுதார். நீங்கள் போனபிறகு அவர் வாய்விட்டு அழுதது அன்றுதான். விடிந்ததும் கடனைத் தீர்த்துவிட்டு வந்து குதிரையின் நெற்றியைத் தடவிக் கொடுத்தார். இதை எல்லாம் நீங்கள் பார்த்தீர்களா, மதினி?

இனி வெள்ளிக்கிழமை தானே விளக்கேற்றுவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார். அவர் மறந்தால் நான் பஸ் ஏறி வந்து ஏற்றுவேன். எவன் வந்து வாசலில் நின்றாலும் சரி, உங்கள் விளக்கை இன்னொரு தடவை அமத்த விடமாட்டேன்.

அன்றைக்குத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுத,
உங்கள் நாத்தனார்