தெரியுதுங்களா

9.7.1996, செவ்வாய்

நம்பிப் போகவில்லை. நம்பாமலும் போகவில்லை. மாத்திரை அப்பாவின் வயிற்றைப் புண்ணாக்கிவிட்டது. இடுப்பு வலி அப்படியே இருந்தது. அதனால் போனோம்.

தோட்டத்துக் கிணற்றில் மோட்டாரைத் தூக்கப் போய் அவர் சறுக்கி விழுந்து இரண்டு மாதமாகிறது. கோவையில் டாக்டர் இஸ்மத் அக்குபஞ்சர் செய்கிறார் என்று என் கல்லூரியில் ஒருவர் சொன்னார். அப்பாவைக் குப்புறப் படுக்க வைத்து, இடுப்பிலிருந்து பாதம்வரை ஒன்பது ஊசி. ஒவ்வொன்றுக்கும் டாக்டர், "தெரியுதுங்களா?" அப்பா ஒவ்வொன்றுக்கும், "நல்லாத் தெரியுதுங்க அம்மணி."

திரும்பும்போது பஸ்ஸில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

12.7, வெள்ளி

சப்பணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்டார். அம்மா இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

16.7, செவ்வாய்

வலி பாதியாகிவிட்டதாம். முதுகெலும்பில் பட்ட அடியையும் இது சரிசெய்யுமா என்று டாக்டரிடம் கேட்டேன். வலி சிலருக்குக் குறைகிறது, ஏன் என்று முழுதாகத் தெரியாது என்றார். பிறகு அப்பாவைப் பார்த்து: "நசுங்குன நரம்பை ஊசி நிமித்தாதுங்க. கால் மரத்தாலோ, ஒண்ணுக்குப் போறதுல சிரமம் இருந்தாலோ அன்னைக்கே சொல்லிப்போடணும்."

ஆகட்டுங்க, ஆகட்டுங்க என்று தலையாட்டினார் அப்பா.

தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற வைத்தியர். எனக்குப் பிடித்தது.

19.7, வெள்ளி

கடைசி ஊசி, வலது கால் சுண்டுவிரலுக்கு. டாக்டர் அதைக் கையில் எடுத்தபோது முன்னறையில் போன் அடித்தது. ஊசியோடு போய்விட்டார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "தெரியுதுங்க அம்மணி."

சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

டாக்டர் திரும்பி வந்தார். நான் சொல்லவில்லை. ஏன்? அப்பாவை ஒரு பொம்பளை முன்னால் பொய்யராக்க வேண்டாம் என்றா?

சரவணம்பட்டியில் இறங்கினோம். உச்சி வெயில், தார் உருகிக் கிடக்கிறது. அவர் வலது காலில் செருப்பு இல்லை. பஸ்ஸிலேயே கழன்றிருக்கிறது. நான் சொல்லும்வரை அவருக்குத் தெரியாது.

20.7, சனி

காலையில் நேராகவே கேட்டேன். எப்பலேர்ந்துங்கப்பா கால் மரத்திருக்குது? தரையைப் பார்த்தார். மூன்று நாளாகவாம்.

"அப்பறம் ஏனுங்கப்பா தெரியுது தெரியுதுன்னீங்க?"

"அந்தம்மணி பாவம், அத்தன சிரத்தையாக் குத்துது. ஒண்ணுந் தெரியலீன்னா மனசு நொந்துக்குமல்ல, கண்ணு."

சமையல்கட்டிலிருந்து அம்மா: "நேத்திருந்து ஒண்ணுக்குப் போக முக்கீட்டு நிக்கறாங்க. அதையுங் கேளு. யாருகிட்டயும் சொல்லப்படாதுன்னு எனக்கு வேற சத்தியம்."

காலே போனாலும் மரியாதை போகக்கூடாது. என்ன மனுசன் இவரு. நான் மட்டும் என்ன? நேத்து வாயை மூடிக்கிட்டுத்தானே நின்னேன்.

பூத்துக்கு ஓடி டாக்டருக்குப் போன் செய்தேன். திங்கள்வரை பொறுக்க வேண்டாம், இப்போதே கிளம்புங்கள் என்று ஓர் ஆஸ்பத்திரியைச் சொன்னார். நாங்கள் போய்ச் சேருமுன் சர்ஜனிடம் பேசியிருந்தார்.

21.7, ஞாயிறு

ஸ்கேன். முதுகெலும்பு வட்டின் ஒரு துண்டு விலகி நரம்புக் கொத்தை அழுத்திக்கொண்டிருந்தது. நேற்று மாலையே ஆபரேஷன் ஆயிற்று. தள்ளிப்போட்டிருந்தால் சிறுநீர் உணர்ச்சியே போயிருக்கலாம் என்றார் சர்ஜன்.

தள்ளிப்போடவில்லை. மறுபடி எழுதிப் பார்க்கிறேன். தள்ளிப்போடவில்லை.

27.7, சனி

சிறுநீர் டியூபை எடுத்தார்கள். தானாகவே போனார். அம்மா வார்டு முழுக்கச் சொல்லிவிட்டாள். அப்பா போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார்.

24.8, சனி

சுவரைப் பிடித்து நடக்கிறார். சுண்டுவிரல் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. இடுப்பில் மிச்ச வலி. வலிக்கு மட்டும் என்றால் அந்த ஊசி குத்திக்கொள்ளலாம், தையல் போட்ட இடத்துக்குத் தள்ளி, என்று சர்ஜன் சொன்னதால் இன்று மறுபடி டாக்டர் இஸ்மத்திடம்.

பாதத்தில் முதல் ஊசி. "தெரியுதுங்களா?"

அப்பா வெகு நேரம் யோசித்தார்.

"தெரியலீங்க அம்மணி." மன்னிப்புக் கேட்கும் குரல்.

டாக்டர் நோட்டில் எழுதிக்கொண்டார். முழங்காலுக்குப் பின்னால் அடுத்தது.

"சுள்ளுங்குதுங்க. இன்னுங் கொஞ்சம் பதனமாக் குத்துனா ஆகாதுங்களா?"

இஸ்மத் சத்தமாகச் சிரித்தார்.

நான் முன்னறைக்குப் போய் அடுத்த சனிக்கிழமைக்கு அப்பா பேரை எழுதி வைத்தேன்.